தலையில் மட்டும் முத்திரை
பொம்மைகளின் வரலாறு – 11

பழைய ஜெர்மன் பொம்மை ஒன்று ஏலத்துக்கு வந்தால், மதிப்பிடுபவர் முதலில் அதன் பொய்முடியைத் தூக்கிப் பிடரியைத்தான் பார்ப்பார். பீங்கான் தலையின் பின்புறத்தில், சுடுவதற்கு முன்பே பதித்த எழுத்தும் எண்ணும் இருக்கும். ஜெர்மனி என்ற நாட்டுப்பெயர், ஏ.எம். என்ற இரண்டெழுத்து, 390 என்ற அச்சு எண். இவ்வளவு போதும். கொப்பெல்ஸ்டார்ஃப் ஊரில் ஆர்மான் மார்செய் நடத்திய தொழிற்சாலை என்று அவர் சொல்லிவிடுவார். சேகரிப்பாளர்களின் கையேடுகளும் விலைப்பட்டியல்களும் அருங்காட்சியகச் சீட்டுகளும் இந்த முத்திரையை வைத்தே அடுக்கப்பட்டிருக்கின்றன. சென்ற பகுதியில் பார்த்த க்ரோடன் பள்ளத்தாக்கின் மரப்பொம்மைகளுக்கு இப்படி ஓர் அடையாளம் கிடையாது. அதனால் அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஊரையும் உளியையும் பற்றி எழுத வேண்டியிருந்தது. பீங்கான் பொம்மைக்கு முத்திரை கிடைத்தது, அதன் வரலாறும் அந்த முத்திரைக்குள் சுருங்கிவிட்டது. 1880க்கும் 1914க்கும் இடையில் பல நாட்டுக் குழந்தைகளின் கைக்குப் போன ஜெர்மன் பொம்மையைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி பீங்கான் சூளைகளின் வரலாறே என்பது என் வாதம். உடலைச் செய்தவர்களும் கண்ணை ஊதியவர்களும் சட்டை தைத்தவர்களும் அதற்குள் இல்லை. எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த வணிகம் அமைந்த விதமே அவர்களை மறைத்தது.

அந்த வணிகத்தின் தலைநகரம் சோனபெர்க். துரிங்கியக் காட்டின் தென்சரிவில், சாக்சே–மைனிங்கன் என்ற சிறிய கோமகன் ஆட்சிப்பகுதியில் இருந்த ஊர். மலைமண், பயிர் சொற்பம், காட்டுமரமும் பலகைக்கல்லும் மட்டும் தாராளம். நியூரம்பெர்கிலிருந்து லைப்ஸிக் செல்லும் வணிகப்பாதை இவ்வழியே போனது. குளிர்கால வேலையாகச் செதுக்கிய பெட்டிகளையும் ஊதல்களையும் மரச்சாமான்களையும் முதலில் நியூரம்பெர்க் வணிகர்கள் வாங்கிப்போனார்கள். பிறகு உள்ளூர் வணிகர்களே தலையெடுத்தார்கள். 1789இல் கோமகன் முதலாம் கியோர்க் அவர்களுக்கு ஒரு வணிக உரிமைப் பட்டயம் வழங்கினார். சோனபெர்க் சரக்கை வெளியூருக்கு விற்கும் உரிமை குறிப்பிட்ட வணிகர்களுக்கு மட்டுமே உண்டு என்பது அதன் சாரம். பிரான்சில் புரட்சி வெடித்த அதே ஆண்டில், இந்த மலையூரில் செய்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே சட்டமே ஒரு சுவரை எழுப்பியது. செதுக்குபவன் தன் பொருள் எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே என்ன விலைக்குப் போகிறது என்பதை அறியும் வழி அன்றோடு அடைபட்டது. 1862இல் தொழில் சுதந்திரச் சட்டம் வந்து அந்தத் தனியுரிமை ஒழிந்தது உண்மை. ஆனால் அதற்குள் மூன்று தலைமுறை கடந்திருந்தது. தொடர்புகள், மாதிரிப் புத்தகங்கள், கடன் எல்லாம் வணிகரிடம் குவிந்துவிட்டன. இனி யார் வேண்டுமானாலும் பொம்மை செய்யலாம் என்றானபோது செய்பவர்கள் பெருகினார்கள், கூலிதான் இறங்கியது.

பொருளும் இந்த அமைப்புக்கு உதவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை சோனபெர்கில் மரத்தோடு மட்டமான மாவையும் வச்சிரப் பசைநீரையும் பிசைந்து உருவங்கள் செய்தார்கள். அவற்றை எலியும் பூச்சியும் தின்றன. அந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் காகிதக்கூழ் வந்து சேர்ந்தது. கழிவுக் காகிதம், சுண்ணக்கட்டித் தூள், வெண்களிமண், கொஞ்சம் மாவு, பசைநீர். பண்ருட்டியில் கொலுபொம்மைக்குக் கூழ் பிசைபவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் தோன்றாது. மரத்தைச் செதுக்க ஒரு கை பல ஆண்டு பழக வேண்டும், கூழை அச்சில் அழுத்த ஒரு வாரம் போதும். ஆகவே வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. உரு வடிப்பவர் களிமண்ணில் மூலத்தலையைச் செய்தார், வேறொருவர் அதிலிருந்து அச்சு எடுத்தார். அழுத்துபவர் முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்றாக அழுத்தி எடுத்து ஒட்டினார். பிறகு உலர்த்துவது, தேய்ப்பது, வண்ணம் பூசுவது, கண் பதிப்பது, முடி வைப்பது. தோலிலோ துணியிலோ உடலைத் தைத்து மரத்தூள் திணிப்பது ஒரு வீட்டில், சட்டை தைப்பது இன்னொரு வீட்டில், காலணி மற்றொரு வீட்டில். இவற்றில் பெரும்பாலானவை குடும்பம் சமைத்து உண்டு உறங்கும் அறையிலேயே நடந்தன. கூழ் உலர வேண்டியதால் கோடையிலும் அடுப்பு எரிந்தது. ஈரக்கூழின் ஆவியும் பசை நாற்றமும் நிறைந்த அந்த அறைதான் சோனபெர்கின் உண்மையான தொழிற்சாலை.

நூற்றாண்டின் பின்பாதியில் மெருகேற்றாத பீங்கான் தலைகள் பெருகியபோது ஒரு வேறுபாடு நுழைந்தது. பீங்கானைச் சுடச் சூளை வேண்டும், சூளைக்கு முதலும் ஒரே கூரையும் வேண்டும். எனவே தலை மட்டும் வீட்டைவிட்டு ஆலைக்குப் போனது. ரஷ்யாவில் பிறந்து சோனபெர்க் வந்த ஆர்மான் மார்செய் 1885இல் கொப்பெல்ஸ்டார்ஃபில் பீங்கான் ஆலை வைத்துக்கொண்டார். கிராஃபென்ஹைன் ஊரின் சிமோன்–ஹால்பிக் ஆலை மற்ற நிறுவனங்களுக்காகவும் தலைகளை வார்த்துக் கொடுத்தது. அதன் தலைகள் பாரிஸ் வரை போய்ப் பிரெஞ்சுப் பொம்மைகளின் கழுத்திலும் ஏறின. பீங்கான் தலையின் அழகே அந்தக் காலப் பொம்மையின் உயிர், அதைத் தந்தவை ஆலைகள், ஆகவே ஆலையின் பெயரால் பொம்மையை அழைப்பது நியாயம்தானே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அந்தத் தலையையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சூளையிலிருந்து வருவது வெளிறிய, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளையுள்ள ஓடு. சதைநிறம் பூசி, கன்னத்தில் சிவப்பு ஒற்றி, புருவத்தை மயிர் மயிராக இழுத்து, இமைமயிர் வரைந்து, மறுபடி குறைந்த சூட்டில் சுட்டால்தான் அது முகமாகும். ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு தலைகளில் ஒன்று சாந்தமாகவும் மற்றது திகைத்தாற்போலவும் தெரிவதற்குக் காரணம், தூரிகை பிடித்தவரின் மணிக்கட்டு. அவருக்கு முத்திரை கிடையாது.

கண்ணின் கதை இன்னும் நீளம். 1597 முதல் கண்ணாடி வேலை நடந்துவரும் லௌஷா என்ற மலைக்கிராமம் சோனபெர்குக்கு அருகில் இருக்கிறது. அங்கே வீட்டு விளக்குச் சுடரில் கண்ணாடிக் குழாயை ஊதிப் பொம்மைக் கண்களைச் செய்தார்கள். வெள்ளைக் குமிழ், அதன்மேல் நிறக்கண்ணாடியால் கருவிழி, நடுவே கறுப்புப் பாவை. இந்த வேலையில் தேர்ந்த லூட்விக் முல்லர்–ஊரி 1835இல் மனிதர்களுக்கான செயற்கைக் கண்ணைச் செய்யத் தொடங்கினார். அதுவரை இதில் பாரிஸ்தான் முன்னணி. 1868இல் கிரையோலைட் கண்ணாடியைக் கையாண்டு, கண்ணீரின் அரிப்பைத் தாங்கும் கண்களையும் லௌஷாக்காரர்கள் உருவாக்கினார்கள். கண்ணிழந்த மனிதர்களின் முகத்தை நிறைவாக்கும் அளவுக்கு நுட்பமான கை அது. மருத்துவ வரலாற்றில் முல்லர்–ஊரியின் பெயர் நிலைத்திருக்கிறது. அதே தெருவில் பொம்மைக்காக லட்சக்கணக்கான கண்களை ஊதியவர்களின் பெயர் எந்தப் பொம்மையிலும் இல்லை. படுக்கவைத்தால் மூடிக்கொள்ளும் கண்ணுக்குப் பின்னால் ஈயத் துண்டைக் கட்டி எடை சரிபார்த்தவர், அதைத் தலையோட்டுக்குள் சாந்து வைத்துப் பொருத்தியவர் எல்லோரும் அப்படியே. முத்திரை சொல்லும் ஒற்றைப் பெயருக்குப் பின்னால், தலையில் மட்டுமே எத்தனை பேர் நிற்கிறார்கள் பாருங்கள்.

இனி முத்திரை எதற்காக வந்தது என்று பார்ப்போம். அது கலைஞரின் கையொப்பம் போலத் தோன்றுவதால்தான் நாம் அதை நம்புகிறோம். அச்சு எண் உண்மையில் கொள்முதல் வசதிக்கானது. தலைகள் டஜன் கணக்கிலும் குரோஸ் கணக்கிலும் விற்கப்பட்டன, வாங்குபவர் எந்த உரு, எந்த அளவு என்று எழுதி அனுப்ப ஓர் எண் வேண்டியிருந்தது. நாட்டின் பெயரோ சுங்கத்துக்கானது. பிரிட்டனின் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் அந்நியப் பொருள்களைக் கண்காணித்தது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் உற்பத்தி நாட்டைக் குறிக்க வேண்டும் என்று விதித்தது. அழியாமல் பதிக்க ஏற்ற இடம் பீங்கான்தான். இப்படித்தான் ஒரு சுங்க அதிகாரியின் தேவையும் ஒரு கணக்குப்பிள்ளையின் தேவையும் சேர்ந்து பின்னாளில் வரலாற்றுச் சான்றாக உயர்ந்தன. உடலிலும் முத்திரை உண்டே, பாரிஸ் ஜூமோ நிறுவனம் தன் பொம்மைகளின் உடலில் நீல எழுத்தில் பெயர் அச்சிட்டதே, வால்டர்ஸ்ஹவுஸன் ஊரின் கெஸ்ட்னர் தலையையும் உடலையும் தாமே தயாரித்தாரே என்று சொல்வார்கள். சரிதான். கெஸ்ட்னர் போன்றவர்கள் விதிவிலக்காக நின்றதாலேயே அவரைத் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். அந்த முத்திரைகளும் நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்கின்றன, பொருத்தியவரின் பெயரை அல்ல. பெருமிதத்தோடு பெயர் பதித்த ஜூமோவுமே ஜெர்மன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1899இல் மற்றப் பிரெஞ்சு நிறுவனங்களோடு சேர்ந்து ஒரே கூட்டு நிறுவனமாக வேண்டியிருந்தது. அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பொருளியலாளர் எமானுவேல் சாக்ஸ் 1880களில் துரிங்கியாவின் வீட்டுத்தொழில்களை ஆராய்ந்து நூல் வரிசையாக வெளியிட்டார். 1882இல் வந்த முதல் பகுதி சோனபெர்கை உள்ளடக்கிய மைனிங்கன் மேட்டுநிலத்தைப் பற்றியதே. நீண்ட வேலைநேரம், உருளைக்கிழங்கையே பெரிதும் நம்பிய உணவு, பள்ளி விட்டதும் வேலைக்கு உட்காரும் பிள்ளைகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. வேலை பருவத்தைச் சார்ந்திருந்தது. கிறிஸ்துமஸ் சந்தைக்காகக் கோடையில் ஆர்டர்கள் குவியும், இலையுதிர்காலம்வரை இரவுபகல் பார்க்காமல் செய்ய வேண்டும். கப்பல் கிளம்பிவிட்டால் வேலை வறண்டுபோகும். செய்து முடித்ததை முதுகுக் கூடையில் உயர அடுக்கிப் பெண்கள் மலைப்பாதையில் நடந்து வணிகரின் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். குறை சொல்லித் திருப்பினால் அந்த உழைப்பு வீண், விலையைக் குறைத்தால் கேட்க ஆளில்லை. ஆலைத் தொழிலாளருக்காக 1891இல் வந்த பாதுகாப்பு விதிகள் வீட்டுக்குள் நுழையவில்லை. ஆகவே குழந்தை உழைப்பை ஆலையிலிருந்து விரட்டிய சட்டம், அதே வேலையை அடுப்படிக்கு அனுப்பவும் இடம்கொடுத்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் சொந்தப் பிள்ளைகளை வேலைவாங்குவதற்கும் ஓரளவு வரம்பு வைத்தது. 1906இல் பெர்லினில் வீட்டுத்தொழில் கண்காட்சி ஒன்று நடந்தது. பொருள்களோடு அவற்றைச் செய்தவர்களுக்குக் கிடைத்த கூலியையும் எழுதி வைத்திருந்தார்கள். அதற்குச் சுவரொட்டி வரைந்தவர் கேத்தெ கோல்விட்ஸ். களைத்த ஒரு பெண்ணின் முகம் மட்டுமே அதில் இருந்தது, அதைக் கண்டு பேரரசி முகம் சுளித்தார் என்பார்கள். வீட்டுத்தொழிலுக்கென்று தனிச்சட்டம் 1911இல்தான் வந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகக் கனமானது ஒன்று உண்டு. விளைச்சல் இல்லாத மலையில், இந்த வேலை இல்லாவிட்டால் மக்கள் பிழைக்க ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். பொம்மை அவர்களை ஊரில் இருத்தியது. அதோடு இந்த அமைப்பு இல்லாமல் ஏழைக் குழந்தை கையில் பொம்மை வந்தே இருக்காது. 1890இல் சோனபெர்க் வந்து கொள்முதல் செய்த ஃபிராங்க் உல்வொர்த்தின் கடைகளில் எல்லாப் பொருளும் 5 சென்ட், 10 சென்ட். அந்த விலைக்கு ஒரு பொம்மை கிடைத்தது அமெரிக்கத் தொழிலாளர் வீட்டுச் சிறுமிக்குச் சின்ன விஷயம் அல்ல. இரண்டையும் நான் ஏற்கிறேன், முதலாவதை முழுமையாகவே. ஆனால் ஊரில் வேறு பிழைப்பு இல்லை என்பது கூலி ஏன் குறைவாக இருந்தது என்பதற்கு விளக்கம் தருகிறதே தவிர, குறைவாக இருந்தே ஆக வேண்டும் என்று நிறுவவில்லை. வேறு போக்கிடம் இல்லாதவர்களிடம் விலை பேசுபவர் எப்போதும் ஜெயிப்பார். உல்வொர்த் 10 சென்டுக்கு விற்றும் லாபம் கண்டார், சோனபெர்க் வணிகர் மாளிகை கட்டினார். மலிவின் சுமை சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் இறங்கியது. அந்தக் கடைசிக் கண்ணிக்குப் பெயர் இல்லாதது வணிகருக்கு வசதியாகவும் இருந்தது. பெயருள்ள கைவினைஞரை மாற்றினால் வாங்குபவர் கவனிப்பார். பெயரில்லாதவரை மாற்றினால் யாருக்கும் தெரியாது.

வேலையைப் பங்குபோட்டால் பெயர் அழிவது இயல்பு, அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்ற வாதமும் உண்டு. இதற்குப் பதில் ஜப்பானின் கியோத்தோவில் இருக்கிறது. அங்கே ஹினா பொம்மை செய்வதும் ஒருவர் வேலை இல்லை. தலை செய்பவர், முடி பதிப்பவர், கை கால் செய்பவர், விசிறி, வாள் போன்ற சிறுபொருள்கள் செய்பவர், கடைசியில் ஆடை உடுத்திக் கைகளை மடக்கி நிலை கொடுப்பவர் என்று தனித்தனிக் கைகள். தலைக்குப் பவுலோனியா மரத்தூளைப் பசையில் பிசைந்து அச்சில் இட்டு, கண்ணாடிக் கண் பதித்து, சிப்பியை அரைத்த வெண்பொடியை விலங்குப் பசையில் குழைத்துப் பல பூச்சுகள் பூசுவார்கள். அந்தப் பூச்சு கண்ணையும் மூடிவிடும். பிறகு கூரிய கத்தியால் இமையைக் கீறித் திறப்பார்கள், கத்தி இழைக்கும் கோட்டில்தான் முகத்தின் பாவம் இருக்கிறது. துரிங்கியா அளவுக்குப் பிரிக்கப்பட்ட வேலைதான். ஆனாலும் ஒவ்வொரு பிரிவும் தேர்ச்சிக்குரிய தனித்தொழிலாக நின்றது. முழுப்பொம்மை வெளியே போவது ஆடை உடுத்துபவரின் பெயரில், அதாவது பொம்மையைக் கையால் தொட்டவர் ஒருவரின் பெயரில். 1955இல் ஜப்பான் அரசு ஹோரி ரியூஜோ, ஹிராதா கோயோ என்ற இரு பொம்மைக் கலைஞர்களை நாட்டின் வாழும் செல்வங்களாக அறிவித்ததை, இந்த மதிப்பு வளர்ந்த மண்ணில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒப்பீடு முழுமையானது என்று சொல்ல மாட்டேன். ஹினா பொம்மை மார்ச் மாதத் திருநாளுக்கு அடுக்கி வைப்பது, குழந்தை தூக்கிக்கொண்டு ஓடுவது அல்ல. அதன் விலையும் எளியவர்களுக்கு எட்டாதது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. பெயரை அழித்தது வேலைப்பிரிவினை அன்று. வேலைகளைக் கோக்கும் இடத்தில் கைவினைஞர் நின்றாரா, பொம்மையைத் தொடாத வணிகர் நின்றாரா என்பதில்தான் வித்தியாசம்.

ஜெர்மன் பொம்மையும் கிழக்காசியப் பொம்மையும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தவையும் அல்ல. 1851இல் லண்டன் உலகக் கண்காட்சியில் கிழக்காசியாவிலிருந்து வந்திருந்த குழந்தைப் பொம்மை ஒன்றைப் பார்த்த சோனபெர்க் வணிகர் எட்முண்ட் லிண்ட்னர், அதே வகையை ஊரில் செய்யவைத்தார் என்பது அந்த ஊர் மரபு. வயிற்றுப் பகுதியும் மூட்டுகளும் துணியால் இணைக்கப்பட்டு அசையக்கூடிய, வெறும் சட்டை அணிந்த பச்சைக்குழந்தைப் பொம்மை. அதுவரை வளர்ந்த பெண்களின் உருவமே கோலோச்சிய ஐரோப்பியப் பொம்மைச் சந்தையில் அது பெரிய திருப்பம். முதல் உலகப்போரில் கடல்வழி அடைபட்டு ஜெர்மன் தலைகள் அமெரிக்காவுக்கு வராமல் நின்றபோது, ஜப்பானின் மோரிமுரா நிறுவனம் ஜெர்மன் அச்சுகளை ஒத்த பீங்கான் தலைகளை வார்த்து அனுப்பியது. அவற்றின் பிடரியிலும் முத்திரை இருந்தது, இம்முறை நிப்பான் என்று. கியோத்தோவின் பெயருள்ள மரபு அந்த ஆலைக்குள் வரவில்லை. அமெரிக்கக் கடைக்குப் போகும் பொருளுக்கு அமெரிக்கக் கடையின் விதிதான் பொருந்தியது.

கிடைத்த சான்றை வைத்துத்தானே வரலாறு எழுத முடியும், முத்திரை கிடைத்தது, எழுதினோம் என்று கையேடு எழுதியவர்கள் பதில் சொல்லலாம். ஆனால் சாக்ஸின் நூலும் 1906 கண்காட்சியின் கூலிச் சீட்டுகளும் முத்திரைகளுக்கு ஈடான சான்றுகளே. சோனபெர்கில் 1901இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகத்தில் மாதிரிகளும் அச்சுகளும் இருக்கின்றன. பொம்மையின் உடலே ஒரு பத்திரம்தான். தையல் நெருக்கம், திணித்த பொருள், மூட்டுக்குள் வண்ணம் படாமல் விட்ட இடம், அவசரத்தில் ஒட்டிய விரல் இவையெல்லாம் பருவத்தையும் கூலியையும் பற்றிப் பேசும். அவற்றைப் படிக்கத் துணியைக் கழற்ற வேண்டும், பழைய உடையைக் கழற்றினால் சந்தை விலை போய்விடும் என்ற பயத்தில் பலர் தொடுவதில்லை.

சோனபெர்கின் எதிர்முனையில் நின்றவராகப் பலரும் காட்டுவது கேத்தெ குரூஸெயை. 1905இல் மகளுக்குப் பொம்மை வாங்கித் தரச் சொன்னபோது, சிற்பியான கணவர் மாக்ஸ் குரூஸெ கடைப் பொம்மைகள் பிடிக்காமல் நீயே செய் என்று சொல்லிவிட, துணியும் மணலும் உருளைக்கிழங்கும் கொண்டு கேத்தெ தொடங்கினார். 1910இல் பெர்லின் டீட்ஸ் அங்காடியில், சொந்தக் கையால் செய்த விளையாட்டுப் பொருள்களுக்கான கண்காட்சியில் அந்தத் துணிப்பொம்மைகள் பேர் வாங்கின. பொம்மையின் இடது உள்ளங்காலில் அவர் கையொப்பமும் எண்ணும் இருக்கும். பிங் நிறுவனம் போலி செய்தபோது வழக்காடி, 1925இல் உச்ச நீதிமன்றத்தில் தம் பொம்மைக்குக் கலைப்படைப்பின் பாதுகாப்பையே வாங்கினார். ஆனால் 1912 முதல் பாட் கோஸென் ஊரில் இயங்கிய அவர் பட்டறையில் வெட்டியவர்களும் தைத்தவர்களும் கலைமான் மயிரைத் திணித்தவர்களும் கூலிக்கு வந்த பெண்கள். அந்த உள்ளங்காலிலும் இருப்பது ஒரே பெயர். அந்தத் தீர்ப்பு எதைக் காத்தது, எதை விட்டது என்பதை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.